குளிருக்கு ஒரு கூரை

லடாக்கின் மேய்ச்சல் வெளியில் குளிர்காலக் கடைசியில் பிறக்கும் பஷ்மினா ஆட்டுக்குட்டி பிழைக்குமா என்பதைக் கொட்டிலின் கூரை பெருமளவு தீர்மானிக்கிறது. தகரத்துக்குக் கீழே அரைச் சாண் வைக்கோல் செய்யும் வேலையை எத்தனை வறட்டி எரித்தாலும் அடுப்பு செய்துவிடாது.

பிப்ரவரி இரவு. கிழக்கு லடாக்கின் சாங்தாங் பீடபூமி. கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி. இந்த நேரம் பார்த்துத்தான் ஆடு குட்டி போடுகிறது.

குட்டியின் எடை சுமார் 2 கிலோ. உடல் முழுக்க ஈரம். உடம்புச் சூடு 39 டிகிரி. வெளிக்காற்றுக்கும் அதன் தோலுக்கும் இடையே 60 டிகிரிக்கு மேல் வித்தியாசம். தாய் அதை நக்கிக் காய வைக்க வேண்டும்; குட்டி எழுந்து நின்று சீம்பால் குடிக்க வேண்டும். இரண்டும் முதல் சில மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் விடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

வளர்ந்த ஆட்டுக்கு இந்தக் கவலை இல்லை. முரட்டு மேல் ரோமத்துக்கு அடியில் இயற்கையே அதற்கு ஒரு கம்பளி கொடுத்திருக்கிறது. 12 முதல் 15 மைக்ரான் தடிமனே உள்ள அந்த உள் ரோமம்தான் பஷ்மினா. கோடை தொடக்கத்தில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிடம் ஆண்டுக்குக் கிடைப்பது சராசரியாக கால் கிலோ. அதில் கழிவு போக மிஞ்சும் மெல்லிய இழைதான் காஷ்மீரத் தறிகளுக்குப் போய்ச் சால்வையாகிறது. அந்தச் சால்வையின் கணக்குப் புத்தகத்தில் முதல் வரி, பிப்ரவரி இரவில் ஈரத்தோடு நடுங்கும் குட்டிதான்.

சாங்பா நாடோடி மேய்ப்பர்களின் செல்வம் இந்த மந்தைகளே. 2012-13 குளிர்காலத்தில் சாங்தாங்கில் கடும் பனி கொட்டியது. புல் மூடிப்போனது. ஆயிரக்கணக்கில் ஆடுகளும் குட்டிகளும் மடிந்தன. அப்படி ஒரு குளிர்காலத்தில் மந்தையை இழந்த குடும்பம் மீண்டும் தலையெடுக்கப் பல வருஷமாகும். சில குடும்பங்கள் அதற்குக் காத்திருப்பதில்லை. கர்னாக் பகுதி நாடோடிகளில் பெரும்பாலோர் லே நகரத்தின் ஓரத்துக்கு வந்து குடியேறிவிட்டார்கள். அவர்கள் குடியிருப்புக்கே கர்னாக்லிங் என்று பெயர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூலி வேலை என்று காரணங்கள் பல. குளிரும் அதில் ஒன்று.

தீவனம், மருந்து, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றோடு குளிர்கால முகாமில் ஒரு நல்ல கொட்டிலும் இருந்தால் இழப்பைக் குறைக்கலாம். கொட்டில் என்றதும் எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கூரையை.

பழைய வீட்டின் பாடம்

லடாக்கின் பழைய கிராம வீடு குளிரோடு பல நூற்றாண்டு மல்லுக்கட்டியதன் விளைவு. கீழ்த்தளத்தில் ஆடு மாடு. மேலே சமையலறை. குளிர்காலத்தில் குடும்பமே அந்த ஓர் அறைக்குள் அடங்கிவிடும். மற்ற அறைகள் உறைந்து கிடக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வீடு முழுவதையும் சூடாக்குவது முடியாத காரியம் என்பதை அந்த மக்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கீழே நிற்கும் கால்நடைகளின் உடற்சூடு, நடுவில் வறட்டி அடுப்பு, நாலா பக்கமும் ஆளில்லாத அறைகள். குளிர் உள்ளே வர ஒவ்வொரு அடுக்காகத் தாண்டி வர வேண்டும்.

கூரையும் அடுக்குதான். பாப்லர் மர உத்தரங்கள். அவற்றின் மேல் நெருக்கமாக அடுக்கிய வில்லோ மரக் குச்சிகள். உள்ளூரில் தாலு என்பார்கள். அதன் மேல் வைக்கோலோ புதரோ. அதற்கு மேல் மண். கடைசியில் தண்ணீர் இறங்காத களிமண் பூச்சு. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் லே நகரில் பெய்யும் மழையும் பனியும் சுமார் 100 மில்லிமீட்டர். அதற்கு இந்தத் தட்டைக் கூரை போதுமானதாக இருந்தது.

அறுவடை முடிந்ததும் குளிர்காலத் தீவனத்தையும் விறகையும் இந்தக் கூரையின் மேல்தான் அடுக்குகிறார்கள். இடவசதிக்காகச் செய்வது, ஆனால் அதில் ஒரு விஞ்ஞானமும் இருக்கிறது. உலர்ந்த புல் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. டிசம்பரில் வீடு ஒரு வைக்கோல் தொப்பி அணிந்திருக்கிறது. ஆனால் அந்தத் தொப்பியை ஆடுகள் நாள்தோறும் தின்கின்றன. குட்டி பிறக்கும் பிப்ரவரி, மார்ச்சில் கூரை ஏறக்குறைய மொட்டையாகிவிடும். மிகவும் தேவைப்படும் மாதத்தில் காப்பு மிகவும் மெலிந்திருக்கும். தீவனத்தை நம்பிய கூரையின் குறை இது.

தகரம் வந்த கதை

2010 ஆகஸ்ட் 5-ம் தேதி இரவு லே பகுதியில் மேகம் வெடித்தது. வெள்ளமும் சேறும் இருநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டன. மண் வீடுகள் கரைந்தன, கூரைகள் ஒழுகின, இடிந்தன. மழையே அறியாத ஊர் என்ற நம்பிக்கை அந்த இரவோடு போனது. அதன்பின் மண் கூரையின் மேல் தகரம் போடுவதில் ஆர்வம் கூடியது. ஒழுகலுக்குத் தகரம் நல்ல மருந்து. லாரியில் ஏற்றலாம், ஒரே நாளில் அடித்துவிடலாம், ஆண்டுதோறும் மண் பூச வேண்டாம்.

குளிருக்கோ அது மருந்தே இல்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்புத் தகடு வெப்பத்தைத் தடுப்பதில் காகிதத்துக்குக்கூட ஈடாகாது. மேலும் லடாக்கின் இரவு வானம் தெளிந்தது, வறண்டது. மேகப் போர்வை இல்லாத வானத்தை நோக்கிக் கூரை தன் சூட்டை இரவு முழுக்க உமிழ்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடக் கூரையின் மேற்பரப்பு இன்னும் குளிர்ந்துவிடும். சுவருக்கு இந்தத் தண்டனை இவ்வளவு இல்லை. சுவரைத் தடிமனாகக் கட்டலாம், சரிவில் பாதி புதைக்கலாம். கூரைக்கு ஒளிய இடமில்லை. உள்ளேயிருக்கும் சூடான காற்று மேலே ஏறுவதும் அங்கேதான்.

வாட் கணக்கு

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட ஒரு கொட்டிலை எடுத்துக்கொள்வோம். கூரை 50 சதுர மீட்டர். உள்ளே 5 டிகிரி வேண்டும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20. வித்தியாசம் 25 டிகிரி.

கூரை வெறும் தகரமாக இருந்தால் அதன் வழியே மட்டும் வெளியேறும் வெப்பம் சுமார் 9 கிலோவாட். 20 சென்டிமீட்டர் மண் கூரையாக இருந்தால் சுமார் 3 கிலோவாட். தகரத்துக்குக் கீழே 10 சென்டிமீட்டர் உலர்ந்த வைக்கோலைக் காற்றுப் புகாமல் அடைத்தால் சுமார் 700 வாட். மண் கூரையில் அதே வைக்கோலைச் சேர்த்தால் 600 வாட்.

வருமானப் பக்கத்தைப் பார்ப்போம். ஓர் ஆடு சும்மா நின்றாலே 50 முதல் 70 வாட் வெப்பம் தருகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். 50 ஆடுகள் நின்றால் 3 கிலோவாட். கொட்டிலில் ஏற்கெனவே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, அதற்கு நான்கு கால்கள் என்பதுதான் வித்தியாசம்.

மண் கூரையில் இந்த 3 கிலோவாட்டும் கூரை வழியாகவே போய்விடும். சுவருக்கும் கதவிடுக்குக்கும் மிச்சமில்லை. தகரக் கூரையில் 6 கிலோவாட் துண்டு விழும். அதை 12 மணி நேரம் அடுப்பெரித்து ஈடுகட்ட வேண்டுமானால், அடுப்பு பாதிச் சூட்டையாவது உள்ளே தருகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஓர் இரவுக்கு ஏறக்குறைய 40 கிலோ உலர்ந்த வறட்டி தேவை. மரமே இல்லாத பீடபூமியில் எந்தக் குடும்பத்தாலும் அது முடியாது. வைக்கோல் அடைத்த கூரையிலோ ஆடுகளின் சூட்டில் 2 கிலோவாட்டுக்கு மேல் உள்ளேயே தங்குகிறது.

மண்ணையே இன்னும் கனமாகப் போட்டால் என்ன? 10 சென்டிமீட்டர் வைக்கோல் தரும் காப்பை மண்ணால் தர ஒரு மீட்டருக்கு மேல் மண் வேண்டும். 20 சென்டிமீட்டர் மண்ணே ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். நனைந்தால் இன்னும் கூடும். பாப்லர் உத்தரம் தாங்காது. நில நடுக்கம் வரக்கூடிய இமயமலையில் தலைக்கு மேல் அவ்வளவு எடையை ஏற்றுவது ஆட்டுக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து.

எந்தப் பாதிக்குச் சூடு?

இங்கேதான் பழைய வீட்டின் பாடம் மீண்டும் வருகிறது. கொட்டில் முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை. வளர்ந்த ஆட்டுக்கு வேண்டியது காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் ஒதுங்க இடம் மட்டுமே. சூடு வேண்டியது ஈன்ற தாய்க்கும் புதுக் குட்டிக்கும்.

ஆகவே கொட்டிலின் ஒரு மூலையில் 10 சதுர மீட்டரைத் தடுத்து அறையாக்கினால் போதும். அதன் மேல் தாழ்வாக ஒரு பொய்க் கூரை அமைத்து அதில் வைக்கோல் நிரப்பினால், உள்ளே 15 டிகிரி வைத்திருந்தாலும் கூரை வழி இழப்பு 200 வாட்டுக்குள் அடங்கும். மூன்று நான்கு ஆடுகளின் உடற்சூடு அதற்கு ஈடு. கடும் இரவுகளில் சிறிய புகாரி அடுப்பு ஒன்றைச் சிறிது நேரம் எரித்தால் போதும்.

ஆனால் பாதியைச் சூடாக்குகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. கூரையைக் காப்பிட்டுவிட்டு நடுச்சுவரை மறந்துவிடுகிறார்கள். சூடான அறைக்கும் குளிர்ந்த பகுதிக்கும் இடையில் ஒற்றைப் பலகைத் தடுப்பு இருந்தால் மேலே போகாத வெப்பம் பக்கவாட்டில் போய்விடும். தடுப்புச் சுவரும் இரட்டையாக இருக்க வேண்டும், நடுவில் வைக்கோலோ மரச் சீவலோ அடைத்திருக்க வேண்டும். அது பொய்க் கூரையை இடைவெளி இல்லாமல் தொட வேண்டும். கதவுக்குக் கனமான கம்பளித் திரை வேண்டும். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குளிர் போகாது.

குளிரை விடப் பெரிய எதிரி

காப்பிட்ட கூரைகள் பல வீணாவது குளிரால் அல்ல, ஈரத்தால். ஓர் ஆடு மூச்சாலும் தோலாலும் ஒரு நாளில் அரை லிட்டர் அளவுக்கு நீரை ஆவியாக விடுகிறது. 50 ஆடுகள் என்றால் 25 லிட்டர். சிறுநீரின் ஈரம் தனி. 5 டிகிரி காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 7 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் 1 கிராம்கூடத் தாங்காது. மேலே ஏறும் காற்று குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் மிச்ச நீரை அங்கேயே விட்டுவிடுகிறது. இரவில் உறைபனியாகப் படிந்து, காலை வெயிலில் உருகி, சொட்டுச் சொட்டாக ஆட்டின் முதுகில் விழுகிறது. நனைந்த ரோமத்தில் குளிர் ஊசி போல இறங்கும். காய்ந்த குளிரைத் தாங்கும் ஆடு ஈரக் குளிரில் நிமோனியாவில் விழுகிறது.

வைக்கோலுக்கும் இதே கதிதான். நனைந்தால் காப்புத் திறன் போய்விடும், பிறகு அழுகும். எனவே வைக்கோலுக்குக் கீழே, அதாவது சூடான பக்கத்தில், ஒரு பாலிதீன் விரிப்பு அவசியம். துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஒரு சாண் அளவுக்குப் படிய வேண்டும். ஓட்டை இருக்கக் கூடாது. பலர் மழைக்குப் பயந்து பாலிதீனை வைக்கோலுக்கு மேலே மட்டும் விரிக்கிறார்கள். கீழிருந்து ஏறும் ஆவி அதில் முட்டி வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. இரண்டே குளிர்காலத்தில் கூரை கறுத்துப் போகும்.

மழையைத் தடுப்பது தகரத்தின் வேலை. தகரத்துக்கும் வைக்கோலுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு, இறவாரத்தில் காற்று போய்வர வழி செய்தால் தப்பி வந்த ஆவியும் வெளியேறும். அந்தக் காற்று வைக்கோலுக்குள் புகுந்து சூட்டை அள்ளிச் செல்லாமலிருக்க வைக்கோலின் மேல் சாக்கை விரிக்கலாம்.

கூரையை அடைத்தால் காற்றோட்டத்தையும் அடைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. திறந்து மூடக்கூடிய ஒரு துவாரம் உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா குட்டிகளின் நுரையீரலைக் கெடுக்கும். உள்ளே நுழையும் மனிதனின் கண் எரிந்தால் கொட்டில் தேவைக்கு மேல் மூடப்பட்டிருக்கிறது என்று பொருள். புகாரியின் குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் ஒரு முழச் சுற்றளவுக்கு வைக்கோலை விலக்கி மண்ணும் கல்லும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிரிலிருந்து காப்பாற்றப்பட்ட மந்தை தீயில் போகும்.

வெயில் எனும் இலவசம்

லடாக்கில் குளிர் எவ்வளவு கடுமையோ வெயில் அவ்வளவு தாராளம். ஆண்டில் 300 நாளாவது சூரியன் தெரியும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. தெற்குப் பார்த்த ஜன்னலோ பாலிதீன் முகப்போ இருந்தால் வெயில் அறையின் உள்சுவர் வரை நுழையும். கோடையில் சூரியன் தலைக்கு மேல் போய்விடுவதால் தானாகவே நின்றுவிடும்.

இந்த உத்தியை லடாக்கில் பல அமைப்புகள் பரப்பியிருக்கின்றன. சோனம் வாங்சுக் உள்ளிட்டோர் 1988-ல் தொடங்கிய செக்மோல் அமைப்பின் பே கிராம வளாகம் மண்ணால் கட்டப்பட்டது. குளிர்காலத்தில் சூரியனே அதைச் சூடாக வைக்கிறது. 2016-ல் மண் கட்டடங்களுக்கான சர்வதேச டெர்ரா விருது அதற்குக் கிடைத்தது. பிரான்ஸின் கெரெஸ் அமைப்பு உள்ளூர்க் குழுக்களுடன் சேர்ந்து பரப்பிய பசுமைக் குடில்களுக்கு 2009-ல் ஆஷ்டன் விருது. அந்தக் குடிலின் வடிவம் கொட்டில் கட்டுகிறவர்களுக்கு நல்ல பாடம். தெற்கு முகம் பாலிதீன். மற்ற மூன்று பக்கமும் நடுவில் வைக்கோல் அடைத்த மண் சுவர். வடக்குப் பக்கத்துக் கூரை ஒளி விடாதது, காப்பிட்டது. வெயில் வரும் பக்கம் திறந்திருக்கிறது, வராத பக்கம் போர்த்தியிருக்கிறது.

குட்டி ஈனும் கொட்டிலிலும் இதே விதிதான். கூரை முழுவதும் பாலிதீன் போட்டால் பகலில் கொதிக்கும், இரவில் உறையும். பகல் சேமிப்பை இரவில் தக்கவைக்கக் கூரையின் பெரும்பகுதி மூடிய காப்பாக இருக்க வேண்டும். ஒளி விடும் பகுதிக்கு இரவில் இழுத்து மூடும் திரை வேண்டும்.

வைக்கோல் யாருக்கு?

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. சாங்தாங்கில் பயிர் விளைவது சில இடங்களில், அதுவும் கொஞ்சமே. வைக்கோல் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் வர வேண்டும். வந்தால் அது ஆட்டுக்குத் தீவனம். பசியோடு நிற்கும் மந்தையின் தலைக்கு மேல் வைக்கோலை அடைத்து வைக்க எந்த மேய்ப்பருக்கும் மனம் வராது. கூரையின் ஓரம் கிழிந்திருந்தால் ஆடே எட்டித் தின்றுவிடும்.

மாற்று இருக்கிறது. லே தச்சுப் பட்டறைகளின் மரச் சீவல், கெட்டுப்போன தீவனம், விலை போகாத முரட்டுச் செம்மறி ரோமம் எல்லாமே வைக்கோலுக்கு நிகராகவோ அதைவிடக் கூடுதலாகவோ வெப்பத்தைத் தடுக்கும். ரோமத்துக்குப் பூச்சி மருந்து வேண்டும். வைக்கோலைக் களிமண் கரைசலில் தோய்த்துக் காயவைத்தால் எலியும் நெருப்பும் அண்டுவது குறையும். காப்புத் திறன் கொஞ்சம் குறையும். தெர்மோகோல் லேசானது, நன்றாகத் தடுக்கும். ஆனால் தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும், எலி குடையும், உடைந்த துண்டுகள் மேய்ச்சல் வெளியெங்கும் பறக்கும்.

இன்னொரு சிக்கல் நாடோடி வாழ்க்கையே. ஆண்டில் பல முறை இடம் மாறும் குடும்பத்துக்கு நிலையான கொட்டில் உதவுவது குளிர்கால முகாமில் மட்டும். மற்ற மாதங்களில் அது ஆளில்லாமல் கிடக்கும். கிழிந்த பாலிதீனை யார் மாற்றுவது, பெயர்ந்த தகரத்தை யார் அடிப்பது என்பதை முகாமே முடிவு செய்ய வேண்டும். திட்டத்தில் கட்டிக் கொடுத்த கொட்டிலாக இருந்தாலும் பராமரிப்பு பொதுவில் விடப்பட்டால் அது யாருடையதும் இல்லை. கொட்டிலுக்குச் செலவு கணக்கிடும்போது தகரத்துக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும். அதன் அடியில் போக வேண்டிய சீவலும் சாக்கும் பாலிதீனும் தெரியாது. முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

இதற்கெல்லாம் காலமும் குறுகியது. மண் உறைவதற்கு முன்பே வேலை முடிய வேண்டும். அக்டோபர் கடந்தால் பூசிய களிமண் காய்வதற்குள் உறைந்து வெடிக்கும். சீவல் கோடையிலேயே லே சேர்ந்து, காய்ந்து, மூட்டையாக மேலே ஏறியிருக்க வேண்டும். பனி கொட்டிய பிறகு நிவாரண லாரிகளில் வருவது தீவனமாகத்தான் இருக்கும், கூரையாக இருக்காது.

பிப்ரவரி இரவில் நனைந்த குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடும் மேய்ப்பருக்கு அப்போது செய்ய எதுவும் மீதமில்லை. அவர் அதை எந்தக் கூரைக்குக் கீழே கொண்டுபோகிறார் என்பது இலையுதிர் காலத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம்.